நஞ்சுக்கொடி விழும்வரை சொல்லாதே

ஆக்ஸிடோசினுக்கு ‘அன்பு ஹார்மோன்’ என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் ஒரு நாள்கூட அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ அறையில் நின்றிருக்க மாட்டார் என்பது மட்டும் நிச்சயம்.

என்னோடு வேலை பார்த்த பெண்கள் சிலர் இன்னும் வாட்ஸ்அப்பில் என்னை விட்டபாடில்லை. போன மாதம் அவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்ததாம். குழந்தை பிறந்ததும் துடைத்த கையோடு தாயின் வெற்று மார்பில் போட வேண்டும், அவள் அதைப் பார்க்க வேண்டும், முகர வேண்டும், அப்போதுதான் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் கொட்டும் என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். நல்ல விஷயம், நான் ஒன்றும் மறுக்கவில்லை. பயிற்சி கொடுத்தவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். “பழைய நர்ஸுங்க கொழந்தையத் துணியில சுத்தி மறைச்சு வெச்சுடுவாங்க. ஆணா பொண்ணான்னு அம்மாகிட்டயே சொல்ல மாட்டாங்க. அவ்ளோ மூடநம்பிக்கை” என்று சொல்ல, வகுப்பே சிரித்ததாம். சத்யா என்று ஒரு பெண், வார்டில் என்னிடம் நிறையத் திட்டு வாங்கியவள், குரல் செய்தி அனுப்பினாள். “நீங்களும் அப்படித்தானே மேடம் பண்ணுவீங்க? எதுக்கு மேடம் அது?”

எனக்குச் சுருக்கென்றது. பதில் பேசிப் பேசி அழித்தேன். பேச ஆரம்பித்தால் கோபம்தான் வருகிறது. எழுதினால் கொஞ்சம் அடங்கும் என்று எழுதுகிறேன். சிரியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று தெரிந்துகொண்டு சிரியுங்கள்.

என் கதையில் நீட்ட ஒன்றுமில்லை. பிறந்தது முத்தாபுதுப்பேட்டை. அப்பா ஆவடியில் காண்ட்ராக்ட் கூலி, அம்மா ஆடு வளர்த்தாள். நர்சிங் படித்தேன். வேலை கிடைத்துத் தெற்கே சில வருஷம் தேய்ந்தேன். மாற்றல் வாங்கிக்கொண்டு அம்பத்தூர்ப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டுக்கு வந்தவள் ஓய்வு பெறும்வரை அங்கேயே கிடந்தேன். இப்போது சேக்காட்டில் மகன் வீட்டில் முட்டிவலியோடு இருக்கிறேன்.

நான் வந்தபோது வார்டு பரிபூரணம் சிஸ்டர் கையில் இருந்தது. ஹெட் சிஸ்டர். ஒல்லியான உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத கனத்த குரல். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. யாரையும் பாராட்டியும் கேட்டதில்லை. நாம் செய்தது சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார், அதைத்தான் பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டும். தப்பாக இருந்தால் நம் கையைத் தட்டிவிட்டுத் தானே செய்வார். மற்ற வார்டுகளில் வலியில் கத்துகிற பெண்களைத் தொடையில் அடிப்பதும், “அன்னிக்கு இனிச்சுதா?” என்று கேட்பதும் சர்வ சாதாரணம். இவர் வார்டில் மட்டும் அது கிடையாது. இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். “பயந்தா வலி நின்னுடும். வலி நின்னா உனக்குத்தான் வேலை ஜாஸ்தி” என்பார். அவ்வளவுதான் காரணம்.

அது வெறும் அனுபவப் பேச்சில்லை. ஆக்ஸிடோசின் ஊறுவது மூளையின் அடியில், ஹைபோதாலமஸ் என்கிற இடத்தில். அதற்குக் கீழே பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரியில் அது சேர்ந்திருந்து, அங்கிருந்து ரத்தத்துக்கு வருகிறது. குழந்தையின் தலை இறங்கிக் கர்ப்பப்பை வாயை அழுத்தினால் மூளைக்குச் செய்தி போகும். மூளை ஆக்ஸிடோசினை விடும். கர்ப்பப்பை சுருங்கித் தலையை இன்னும் அழுத்தும். இப்படி ஒன்றையொன்று விரட்டி விரட்டித்தான் குழந்தை வெளியே வருகிறது. வந்த பிறகும் அதற்கு வேலை உண்டு. நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். கர்ப்பப்பை இறுகினால்தான் அந்த வாய்கள் மூடும், இல்லாவிட்டால் ஒருத்தியின் மொத்த ரத்தமும் கண்ணெதிரே போய்விடும். பால் சுரந்து இறங்குவதும் அதே ஹார்மோனால்தான். மாடு, நாய், எலி, மனுஷி, பால் கொடுக்கிற ஜாதி எல்லாவற்றுக்கும் இதுதான் ஏற்பாடு. பயமும் அவமானமும் வந்தால் மூளை அதை அடக்கிவிடும். புது ஆள் வந்து உட்கார்ந்தால் எருமை பாலை அடக்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி சத்யா கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பரிபூரணம் சிஸ்டர் வகுத்த முறை இது. குழந்தையின் தோள் வெளியே வந்ததும் தாயின் தொடையில் ஆக்ஸிடோசின் ஊசி. குழந்தை அழுததும் கொடியைக் கவ்வி வெட்டி, உடனே குழந்தையின் இடுப்புக்குக் கீழே பச்சைத் துணியைச் சுற்றிவிட வேண்டும். முகத்தை மட்டும் தாய்க்குக் காட்டலாம். “என்ன கொழந்த சிஸ்டர்?” என்று கேட்பாள், கேட்காத பெண்ணே இல்லை. “பொறும்மா, இன்னும் பாக்கல” என்பதுதான் பதில். இடது கை அவள் அடிவயிற்றில் இருக்க வேண்டும். கொடியை இழுக்கக் கூடாது. அது தானாக நீளும், குபுக்கென்று கொஞ்சம் ரத்தம் வரும், கைக்கு அடியில் கர்ப்பப்பை உருண்டு மேலே எழும்பும். அப்போதுதான் நஞ்சுக்கொடியை வாங்க வேண்டும். தட்டில் விரித்து, ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வயிற்றைத் தேய்த்து, கர்ப்பப்பை தேங்காய் மாதிரி கெட்டியானதை அவரே வந்து தொட்டுப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் துணியை விலக்கிக் குழந்தையைத் தாய் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டி, “நீயே பாத்துச் சொல்லு, என்ன கொழந்த?” என்று கேட்பது. அவள் வாயால் சொல்ல வேண்டும். நாளைக்குக் குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்று யாரும் கிளம்பக் கூடாதல்லவா. அதுவரைக்கும் பிரசவ அறையை விட்டு ஒரு ஈகூட வெளியே போகக் கூடாது.

பெண் என்று தெரிந்த நிமிஷத்தில் சில பெண்களுக்குக் கர்ப்பப்பை தளர்ந்துபோவதை அவர் கையால் உணர்ந்திருக்கிறார். அதற்காகத்தான் அந்தத் துணி. மூடநம்பிக்கை இருந்தது துணிக்குள் இல்லை, கதவுக்கு வெளியே பெஞ்சியில் உட்கார்ந்திருந்தது.

இப்போதெல்லாம் காலம் மாறிவிட்டது என்பீர்கள். ஓய்வுக்குப் பிறகு கொஞ்ச காலம் பூந்தமல்லிப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தேன். புது அடுக்குமாடிகளில் குடியேறிய ஐ.டி. தம்பதிகள்தான் அதிகம் வருவார்கள். கணவன் உள்ளேயே நிற்பான், மனைவியின் கையைப் பிடித்துக்கொள்வான், பார்க்க நன்றாக இருக்கும். ஒருநாள் ஒருத்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. மார்பில் போட்டோம். எல்லாம் பயிற்சி வகுப்பில் சொன்னபடி. அவன் அங்கேயே வீடியோ காலில் ஊரிலிருந்த அம்மாவுக்குக் காட்டினான். “பொண்ணாப்பா? சரி, பரவாயில்ல. அடுத்தது பாத்துக்கலாம்” என்றது போன். அவனும், “ஆமாம்மா, பரவாயில்ல” என்றான். என்ன பரவாயில்லை? யாருக்கு என்ன நஷ்டம் வந்துவிட்டது? அந்தப் பெண் மேலே ஓடும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கை தானாக அவள் வயிற்றுக்குப் போனது.

அந்தக் கைக்கு அப்படி ஒரு பயம் வந்தது, பரிபூரணம் சிஸ்டர் காலத்தில், சுமதியால்.

சுமதி குமணன்சாவடிக்குப் பின்னால் இருக்கிற சந்துகளில் ஒன்றிலிருந்து வந்தவள். புருஷன் குமார் அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷினில் நிற்கிறவன். மாமியார் வள்ளியம்மா ஒரு காலத்தில் அந்தப் பக்கத்து வயல்களில் நாற்று நட்டவள். வயல் மேலே அடுக்குமாடி எழும்பியதும் அதே இடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போனாள். சுமதிக்கு முதல் குழந்தை பெண். இது இரண்டாவது. ரத்தமில்லாமல் வெளுத்துப்போன உடம்பு. வலி எடுத்து வெகுநேரம் இழுத்தது. ஒவ்வொரு வலிக்கும் இடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வி. “இது பையனாதான் இருக்கும் இல்ல சிஸ்டர்? வயிறு கூம்பிக்கினுதானே கீது?” நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வெளியே வள்ளியம்மா கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, “இன்னா சிஸ்டர், இன்னும் எவ்ளோ நேரம்?” என்றுகொண்டிருந்தாள்.

மத்தியானம் குழந்தை பிறந்தது. பெண். ஊசி போட்டோம். துணி சுற்றினேன். “என்ன கொழந்த?” என்றாள். “பொறும்மா, இன்னும் பாக்கல” என்றேன். என் இடது கை அவள் வயிற்றில் இருந்தது. கர்ப்பப்பை இறுக ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போதும், எல்லாம் முடிந்திருக்கும்.

ஆயா குப்பம்மா, எங்கள் வார்டில் தினக்கூலிக்கு இருந்தவள், வாளி நிரம்பிவிட்டது என்று அதை எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளினாள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வெளியே வள்ளியம்மா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். “கொழந்த கத்துன சத்தம் கேட்டுச்சே. இன்னா கொழந்த? சொல்ட்டுப் போ!” குப்பம்மா கையை உதறப் பார்த்தாள். “உடும்மா, ஹெட் சிஸ்டர் வந்து சொல்வாங்கோ.” “பையன்னா நீயே சிரிச்சிகினு வந்திருப்ப. பொட்டையா?” குப்பம்மா பதில் சொல்லவில்லை. சொல்லாமல் நின்றதே போதுமானதாக இருந்தது.

“ஐயோ, இதுவும் பொட்டையா! எம் புள்ள தலையில கல்லத் தூக்கிப் போட்டுட்டாளே, பாவி!”

கதவு பாதி திறந்துதான் இருந்தது. அந்த ஓலம் பிரசவ மேசை வரைக்கும் தெளிவாக வந்தது. சுமதி என்னைப் பார்த்தாள். நான் துணியைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். என் கைக்கு அடியில் இறுகிக்கொண்டிருந்தது பிசைந்த மாவு மாதிரி குழைந்து போனது. அடுத்த நிமிஷம் ரத்தம்.

நஞ்சுக்கொடி வந்துவிட்டது, முழுசாகவும் இருந்தது. கர்ப்பப்பைதான் மூடவில்லை. டியூட்டி டாக்டர் ஓடி வந்தார். ட்ரிப்ஸில் ஆக்ஸிடோசினை ஏற்றினோம், இன்னொரு ஊசி, அப்புறம் மாத்திரை. பரிபூரணம் சிஸ்டர் என்னைத் தள்ளிவிட்டு ஒரு கையை உள்ளே முஷ்டியாகக் கொடுத்து, மறு கையை வயிற்றின் மேல் அழுத்தி, கர்ப்பப்பையை இரண்டுக்கும் நடுவில் நசுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்படியே நின்றார். முகத்தில் வேர்வை வழிந்தது, துடைக்கவில்லை. “கொழந்தையக் கொண்டா, மாருல போடு” என்றார். குழந்தை சப்பினால் தாயின் மூளை தன் பங்கு ஆக்ஸிடோசினை விடும், மருந்தோடு அதுவும் சேரட்டும் என்கிற கணக்கு. கொண்டுபோய் வைத்தேன். குழந்தை வாயைத் திறந்து தேடியது. சுமதி கண்ணைத் திறக்காமலே புறங்கையால் அதைத் தள்ளினாள். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

டாக்டர் வெளியே போய் ரத்தம் வேண்டும் என்றார். குமாருக்கும் அதே வகைதான். அவன் எழுந்தான். வள்ளியம்மா சட்டையைப் பிடித்து இழுத்தாள். “மிஷின்ல நிக்கிறவன் சார் அவன். ரத்தம் குடுத்துட்டு எப்டி வேலைக்குப் போவான்? வேற யார்னா குடுக்கட்டும்.” அவன் அம்மாவைப் பார்த்தான், டாக்டரைப் பார்த்தான், உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தே விட்டான்! அவனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. டாக்டர் போனிலேயே கெஞ்சிக் கூத்தாடிப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ரத்தம் வரவழைத்தார். மருந்து கடைசியில் வேலை செய்தது. பரிபூரணம் சிஸ்டர் கையை எடுத்தபோது அவர் விரல்கள் மடங்கியபடியே நின்றன, நீட்ட முடியவில்லை. சுமதி பிழைத்தாள்.

குப்பம்மாவை அவர் திட்டவில்லை. “தரையக் கழுவு” என்றார். அவள் அழுதுகொண்டே கழுவினாள். கேஸ் ஷீட்டில் டாக்டர் ரத்தசோகை, நீண்ட பிரசவ வலி, தளர்ந்த கர்ப்பப்பை என்று எழுதினார். எல்லாம் உண்மைதான். அந்த ஓலம் இல்லாவிட்டாலும் அவளுக்கு ரத்தம் போயிருக்கலாம், இதை மறுக்க எனக்குப் படிப்பு இல்லை. ஆனாலும் மனது கேட்காமல், “வெளியில அந்தம்மா கத்துனத எழுத வேண்டாமா சிஸ்டர்?” என்று பரிபூரணம் சிஸ்டரிடம் கேட்டேன். “மாமியாருக்குக் கட்டம் போட்டு எந்த கவர்மெண்ட் ஃபாரம் அடிச்சிருக்கு?” என்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். “நாம போடற ஊசி கர்ப்பப்பைக்குப் போவும். மண்டைக்குப் போவாது. அங்க சுரக்கறது அவளுக்கா சுரந்தாத்தான்.”

அது எவ்வளவு சரி என்று அடுத்த நாட்களில் பார்த்தேன். நரம்பில் ஏற்றுகிற ஆக்ஸிடோசின் மூளைக்குள் அநேகமாக நுழைவதே இல்லை என்று பிற்பாடு ஒரு டாக்டரும் சொன்னார். கர்ப்பப்பையை நாங்கள் மூடிவிட்டோம். அவள் மனதைக் குழந்தைக்குத் திறந்துவிட எங்களிடம் ஊசி இல்லை. என் அம்மாவின் ஆடுகளில் அதைப் பார்த்திருக்கிறேன். குட்டி போட்டதும் மோந்து நக்கிவிட்டால் அது அந்த ஆட்டின் குட்டி. அந்த நேரத்தில் நாய் துரத்தியோ, ஆள் கூட்டமோ இடைஞ்சல் வந்து பிரிந்துவிட்டால், அப்புறம் கொண்டுபோய் விட்டாலும் முட்டித் தள்ளும். ஆட்டையாவது அம்மா பிடித்துக் கட்டிக் குட்டியை ஊட்டவிடுவாள். சுமதியின் பக்கத்தில் ஒவ்வொரு ஷிஃப்டிலும் குழந்தையைக் கொண்டுபோய்ப் போட்டோம். அவள் தள்ளவில்லை, அணைக்கவுமில்லை. சும்மா கிடந்தாள். பால் இறங்கவில்லை. பாலாடைச் சங்கில்தான் ஊட்டினோம். அந்தக் குழந்தைக்கு நல்ல கண், விளக்கு வெளிச்சம் எங்கே போனாலும் பின்னாலேயே திரும்பும்.

வீட்டுக்கு அனுப்பிய நாளில் வள்ளியம்மா பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். குமார் குழந்தையை வாங்கிக்கொண்டான், அந்த அளவுக்காவது செய்தான். சுமதி என் பக்கத்தில் தயங்கி நின்றாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். “சிஸ்டர், அடுத்தது எப்ப வெச்சிக்கலாம்?” என்று கேட்டாள். நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். செத்துப் பிழைத்தவள் கேட்கிற கேள்வியா இது என்றேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டாள். அவளைத் திட்டி என்ன பிரயோஜனம், திட்டு வாங்க வேண்டியவர்கள் ஆட்டோவில் ஏறிவிட்டார்கள்.

இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பரிபூரணம் சிஸ்டர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், வார்டு என் கைக்கு வந்திருந்தது. ஒரு காலை நான் டியூட்டிக்கு வந்தபோது சுமதி மேசை மேல் இருந்தாள். முக்கிக்கொண்டிருந்தாள். முந்தைய ஷிஃப்ட் சேர்த்திருக்கிறது. கதவுக்குக் குறுக்கே குப்பம்மாவை நிறுத்தினேன். நிறுத்த வேண்டியதே இல்லை, அவளாகவே போய் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள்.

இந்தத் தடவை குழந்தை சீக்கிரம் வந்தது. துணி சுற்றினேன். சுமதி எதையும் கேட்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். நஞ்சுக்கொடி விழுந்தது. கர்ப்பப்பை கெட்டியானது. தேய்த்துத் தேய்த்துப் பார்த்து, எனக்கே நம்பிக்கை வந்த பிறகு, துணியை விலக்கித் தூக்கிக் காட்டினேன். “கண்ணத் தொற. நீயே பாத்துச் சொல்லு, என்ன கொழந்த?”

அவள் பார்த்தாள். “பையன்” என்றாள். சத்தம் வரவில்லை, உதடுதான் அசைந்தது. மறுபடி சொன்னாள். “பையன் சிஸ்டர்.”

மார்பில் போட்டேன். அவன் தேடக்கூட இல்லை, அவளே எடுத்து வாயில் வைத்தாள். அவன் உச்சந்தலையை முகர்ந்தாள். பிரசவமாகி இவ்வளவு சீக்கிரத்தில் அப்படி ஒரு சுரப்பை நான் கண்டதில்லை, மறுபக்கத்து மார்பிலும் சொட்டியது. பயிற்சி வகுப்பில் காட்டுகிற படம் அப்படித்தான் இருக்கும். என் வேலை முடிந்த நிம்மதியில், பேச்சுக்குக் கேட்டேன். “சின்னவ எப்படி இருக்கா? இப்ப நடப்பாளே?”

சுமதி பையன் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள். “அது போய்டுச்சு சிஸ்டர். போன ஆடியில. வயித்தால போய்க்கினே இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாம்னேன். நாளைக்குப் பாத்துக்கலாம்னாங்கோ. நாளைக்கு நாளைக்குன்னு...”

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிப் பையனின் நெற்றியில் விழுந்தது. புடவைத் தலைப்பால் அவசரமாக அவனைத் துடைத்துவிட்டாள். பால் நிற்கவில்லை.

பிறந்த சேதியை வெளியே போய்ச் சொல்வது ஹெட் சிஸ்டரின் வேலை. போனேன். வள்ளியம்மா பெஞ்சியிலிருந்து எழுந்து என் முகத்தைத் துழாவினாள். “பையன். தாயும் சேயும் நல்லா இருக்காங்க” என்றேன். அவள் கும்பிட்டாள், என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கையை உருவிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். இன்னும் ஒரு நொடி நின்றிருந்தால் அவளை அறைந்திருப்பேன்.